நாமும் விழுங்குவதோ?

தேவபாஷை என்று ஒன்று உண்டாம். நீசபாஷை என்று மற்றொன்று உண்டாம்! ஆண்டவன் செவிக்கு எட்டும் மொழி ஒன்று; எட்டாத மொழி மற்றொன்று! கருவறைக்குள் நுழையும் தகுதி படைத்தது ஒன்று. வாயிற்படிக்கு வெளியே நிறுத்தப்பட வேண்டியது மற்றொன்று! பிறப்பின் பெயரால் மனிதரைக் கூறுபோட்டவர்கள், அந்த மனிதர் நாவில் தவழும் மொழியையும் விட்டுவைக்கவில்லை. ஆளுக்கு ஒரு சாதி வைத்தது போலவே மொழிக்கும் ஒரு சாதி வைத்தார்கள்.

அந்தப் புரட்டைப் போட்டு உடைத்தவர்கள் நாம். உடைத்த களங்களில் முதன்மையானது எது? மூட்டை சுமப்போரும், கடலோடுவோரும், ஆலையிலே நூல் நூற்போரும் வாழ்ந்த இந்த வடசென்னை! 1938-ல் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையை எதிர்த்துச் சிறை புகுந்து, 1939-ல் உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் மூலக்கொத்தளத்து மண்ணிலேதான் துயில்கிறார்கள். 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கூடியது இராயபுரம் இராபின்சன் பூங்காவிலேதான். மொழியுரிமைக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால், வரலாறு இந்தப் பக்கத்தைத்தான் சுட்டிக் காட்டும்.

அந்த மண்ணிலே நின்றுகொண்டுதான் இன்று ஒரு கேள்வியை எழுப்புகிறோம். இனிக்கும் கேள்வியன்று, கசக்கும் கேள்வி. ஆனால், கசக்கும் என்பதற்காக மருந்தை ஒதுக்குவது நம் வழக்கமன்று.

தமிழ் வாழ்க என்று முழங்கும் நாட்டில், தமிழல்லாத ஒரு சின்னஞ்சிறு மொழி, அதுவும் தமிழோடு உடன்பிறந்த திராவிட மொழி, கேட்பாரின்றிச் சாகலாமா? சாவதற்கு முன்பே அதன் பெயரைத் தமிழின் கணக்கிலே வரவு வைத்துக்கொள்ளலாமா?

எந்த மொழி அது என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

எண்ணூர் முகத்துவாரத்தின் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கொசத்தலையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவித் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள்! அவர்களிடம் படகில்லை, வலையில்லை. ஓலைப்பறியைப் பல்லிலே கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் நீருக்குள் விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல். மறு பக்கம் துறைமுகத்து மதில். 2023 திசம்பர் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரமெங்கும் கறுப்பாய்ப் படர்ந்தபோது, படகோட்டியின் படகிலே படிந்த எண்ணெய் இவர்கள் உடம்பிலேயே படிந்தது. அவர்கள் இருளர்.

திருவள்ளூர், செங்கற்பட்டு, விழுப்புரம், கடலூர் என்று வடதமிழகமெங்கும் பரவி வாழும் பழங்குடி மக்கள் அவர்கள். செங்கற்சூளையிலே கல் அறுப்பவர், அரிசி ஆலையிலே நெல் அவிப்பவர், முன்பணத்துக்கு அடிமைப்பட்டு மரம் வெட்டுபவர் என்று அவர்களைத் தேடினால், மீட்கப்பட்ட கொத்தடிமைகளின் பட்டியலிலேதான் முதலில் கிடைப்பார்கள். 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது என்பது வேறு கதை! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் தொகை மட்டும் 1,89,000-ஐத் தாண்டியது.

எண்ணூர் இருளர் இன்று பேசுவது தமிழ். ஆந்திர எல்லையோரத்து ஊர்களில் தெலுங்கும் பேசுவர். ஆனால், இந்த மக்களின் பெயரைத் தாங்கிய தனி மொழி ஒன்று மேற்கே உயிரோடிருக்கிறது. கோவை, நீலகிரி மலைச்சாரல்களிலும், கேரளத்து அட்டப்பாடியிலும் வாழும் இருளர் வீட்டிலே பேசும் மொழி அது. தமிழுக்கு மிக நெருங்கிய மொழி. ஆனால் தமிழ் அன்று. தமிழ் எழுத்திலே எழுத முடியாத நடு உயிரொலிகள் அதிலே உண்டு. அதற்கென இலக்கண அமைதி உண்டு. இது நாம் ஆசைப்பட்டுச் சொல்வதன்று. 1968-ல் டிஃப்லோத் என்னும் மொழியறிஞர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் இம்மொழியைப் பற்றியே ஆய்வேடு அளித்தார். 1973-லிருந்து கமில் சுவெலபில் இருள மொழிக்குத் தனி நூல்களே எழுதினார். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1978-லும் 1979-லும் பெரியாழ்வார் எழுதிய இருள மொழி ஒலியியலையும் இலக்கணத்தையும் வெளியிட்டது. செக்கோசுலோவாக்கிய நாட்டிலே பிறந்த அறிஞருக்குத் தெரிந்தது, சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தது, டெல்லியின் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை!

* * *

கணக்கெடுப்பு ஏட்டைப் புரட்டுவோம்.

1961 கணக்கெடுப்பு, மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 1,652-ஐப் பட்டியலிட்டது. 1971-லிருந்து ஒரு விதி செய்தார்கள்: பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியின் பெயர் தனியாக அச்சேறாது, "பிற" என்ற பொதுக் கூடையிலே அது போய் விழும். அந்த ஒரு விதியாலே தோடர் மொழியின் பெயர் அச்சேறவில்லை. கோத்தர் மொழியின் பெயரும் அச்சேறவில்லை. நீலகிரியின் இரு திராவிட மொழிகள், இந்திய அரசின் ஏட்டிலே "பிற" ஆகிவிட்டன. உயிரோடிருக்கிறவனை "இன்னபிறர்" என்று எழுதுவதற்கு ஒரு விதி!

இருள மொழியின் கதை இன்னும் வேடிக்கை. 2011 கணக்கெடுப்பிலே "தமிழ்" என்ற தலைப்பைப் பாருங்கள். மொத்தம் 6,90,26,881 பேர். பெருமைதான்! ஆனால், அந்தத் தலைப்பின் கீழே அடுக்கப்பட்டிருக்கும் பெயர்களையும் படியுங்கள். தமிழ் இருக்கிறது. அதனோடு எருகுலா 58,065, எரவா 26,563, கைக்காடி 25,870, இருள மொழி 11,870. எல்லாம் தமிழின் வயிற்றுக்குள்ளே!

பதினோராயிரத்து எண்ணூற்று எழுபது. இந்த எண்ணை நினைவிலே நிறுத்துங்கள். பத்தாயிரம் என்பது உயிர்க்கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இருள மொழி நிற்பது 1,870 பேரின் தோள்மீது. அத்தனை பேர் முதுமையால் மறைந்தாலும், அத்தனை பேரின் பிள்ளைகள் "எங்கள் தாய்மொழி தமிழ்" என்று எழுதிக் கொடுத்தாலும், அதற்குப் பிறகு இன்னும் ஒரே ஒருவர் குறைந்தால் போதும். இருளம் என்ற பெயரே ஏட்டிலிருந்து மறைந்துவிடும். இருந்த தடமும் இராது; இறந்த தடமும் இராது!

இப்போது இன்னொரு தலைப்பைப் பார்ப்போம். "இந்தி" என்ற தலைப்பின் கீழே 52.83 கோடி பேர் என்று டெல்லி மார்தட்டுகிறது. உள்ளே புகுந்து பார்த்தால், தம் தாய்மொழி இந்தி என்று சொன்னவர் 32.22 கோடி பேர்தாம். மிச்சம் இருபது கோடிக்கு மேற்பட்டோர் யார்? போஜ்புரி பேசும் ஐந்து கோடி, இராஜஸ்தானி பேசும் இரண்டரைக் கோடி, சத்தீஸ்கரி பேசும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர், மகதி பேசுவோர் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளின் மக்கள்! அத்தனை பேரையும் விழுங்கித்தான் இந்தி பருத்தது. "பெரும்பான்மை மொழி" என்னும் பட்டத்தைச் சூட்டிக்கொண்டது. இந்த மோசடியை நாம் மேடைதோறும் தோலுரிக்கிறோம். போஜ்புரியைத் தின்றுதானே நீ பெருத்தாய் என்று கேட்கிறோம். நியாயமான கேள்வி.

ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்கும் வாயின் ஓரத்திலே இருள மொழியின் எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கலாமா?

தமிழ்த் தலைப்பின் கீழே இருளத்தை எழுதியவர் தமிழர் அல்லர், டெல்லிக்காரர். உண்மை. தமிழர் யாரும் கேட்டு அவர்கள் எழுதவில்லை. அதுவும் உண்மை. ஆனால், நம் பெயராலே ஒருவன் மற்றொருவன் வீட்டை எழுதிக் கொடுத்தால், பத்திரத்தைப் பெட்டியிலே பூட்டிவைத்துக்கொள்வது யோக்கியனுக்கு அழகோ? "இது எனக்கு உரியதன்று; உரியவரிடம் கொடு" என்று திருப்பித் தருவதன்றோ தன்மானம்!

சமஸ்கிருதத்தின் கணக்கையும் பார்த்துவிடுவோம். அதே 2011-ல், இந்தியா முழுமையிலும் தம் தாய்மொழி சமஸ்கிருதம் என்று எழுதிக் கொடுத்தவர் 24,821 பேர். அந்த மொழி அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலே அமர்ந்திருக்கிறது. 2020-ல் ஒரே சட்டத்தால் அதற்கு மூன்று மத்தியப் பல்கலைக்கழகங்கள் கிடைத்தன. 24,821 பேருக்கு மூன்று பல்கலைக்கழகம்; 11,870 பேருக்கு ஒரு தனி வரிகூட இல்லை! அந்த 24,821 பேரில் எத்தனை குழந்தைகள் பசியெடுத்தால் அம்மொழியிலே சோறு கேட்டு அழுகின்றன? இருளக் குழந்தை இருளத்திலேதான் அழுகிறது. அழுகை கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

* * *

மறுப்புரைகள் வரும். வரட்டும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"இருளம் தமிழின் கிளைதானே? கொச்சைத் தமிழ்தானே? அதற்கெதற்குத் தனி வரி?" என்பர் சிலர். போஜ்புரிக்காரனிடம் இந்திக்காரன் சொல்வதும் இதே வாசகந்தான். எழுத்துக்கு எழுத்து இதுதான்! எது தனி மொழி, எது கிளை மொழி என்பதைத் தீர்மானிப்பது மொழியியலும் அதைப் பேசுகின்ற மக்களும். பக்கத்திலே வாழும் பெரிய மொழிக்காரனின் பெருமிதம் அன்று. மொழியியல் தீர்ப்பு 1968-லிருந்தே ஏட்டில் இருக்கிறது. "கொச்சை" என்ற சொல்லோ, "நீசபாஷை" என்ற பழைய பாம்பு உரித்துப் போட்ட புதுத் தோல்.

"தமிழர் தொகையைக் குறைத்துக் காட்ட வழி செய்கிறீர்களே! இது வடவருக்கு ஆயுதமாகாதா?" என்பர் வேறு சிலர். கணக்குப் போடுவோம். 6.90 கோடியிலே 11,870 என்பது ஐயாயிரத்து எண்ணூறில் ஒரு பங்கு. இது கழிந்தால் தமிழ் இளைத்துவிடுமா? இளைக்காது. ஆனால், இதைத் திருப்பித் தந்தால் நம் வாதம் இரும்பாகும். "நாங்கள் திருப்பித் தந்துவிட்டோம். நீங்கள் எப்போது போஜ்புரியைத் திருப்பித் தரப் போகிறீர்கள்?" என்று டெல்லியை நோக்கிக் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு எந்த இந்தி ஏகாதிபத்தியவாதியும் விடை சொல்ல முடியாது.

"வயிற்றுக்குச் சோறில்லாதவனுக்கு மொழி எதற்கு? முதலிலே நிலம் கொடு, வீடு கொடு, சாதிச் சான்றிதழ் கொடு" என்பார்கள் இன்னும் சிலர். நல்லெண்ணத்தோடு கேட்பவரும் உண்டு. தட்டிக் கழிக்கக் கேட்பவரும் உண்டு. நிலமும் வீடும் சான்றிதழும் வேண்டும், முதலிலேயே வேண்டும், மறுப்பில்லை. ஆனால், 1938-லும் 1965-லும் நம்மைப் பார்த்து என்ன கேட்டார்கள்? "பஞ்சமும் பசியும் இருக்க, மொழிக்காக ஏன் கூச்சல்?" என்றுதானே கேட்டார்கள்! மானமும் சோறும் இரு கண்கள் என்று நாம் விடையளித்தோம். நமக்கு இரண்டு கண். இருளனுக்கு மட்டும் ஒற்றைக் கண்ணா?

"பகுத்தறிவாளர்களே, பழங்குடி வழக்கத்தையெல்லாம் காப்பாற்றச் சொல்கிறீர்களா? பேயோட்டுவதையும் குறி சொல்வதையும் போற்றப் போகிறீர்களா?" என்று கேலி பேசுவோரும் உண்டு. தெளிவாகச் சொல்கிறோம்: மொழி வேறு, மூடநம்பிக்கை வேறு. தமிழைக் காக்கப் புறப்பட்ட நாம் தமிழிலே எழுதப்பட்ட புராணக் குப்பையைக் காக்கவில்லையே! அதே தமிழைக்கொண்டே அந்தக் குப்பையைப் பெருக்கினோம். இருளரிலும் அவ்வாறு பெருக்கும் இளைஞர் எழுவர். அவர்கள் கையிலே துடைப்பமாக அவர்கள் மொழியே இருக்க வேண்டும் என்கிறோம். மொழியைக் காப்பதென்றால், மக்களைக் குடிசைக்குள்ளே வைத்துக் காட்சிப் பொருளாக்குவதன்று. பாம்பு பிடித்துப் பிழைத்த மக்களே 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சை எடுத்துத் தந்து, எத்தனையோ உயிர்களைக் காக்கிறார்கள். அவர்களின் அறிவு மந்திரத்திலே இல்லை. கண்ணிலும் கையிலும் இருக்கிறது. அந்த அறிவு தங்கியிருக்கும் வீடு மொழி.

* * *

ஒரு மொழி எப்படிச் சாகிறது? யாரும் அதன் கழுத்தை நெரிப்பதில்லை. சிரித்தே கொன்றுவிடுகிறார்கள்.

இது வடசென்னை இளைஞருக்கு விளக்க வேண்டிய செய்தியன்று. நம் பேச்சைத் திரையிலே எதற்கு வைத்தார்கள்? நகைச்சுவைக்கு! ரிக்‌ஷாக்காரன், மீன்காரி, பேட்டை முரடன் என்று யாரை இழிவாகக் காட்ட வேண்டுமோ, அவர்கள் வாயிலே "மெட்ராஸ் பாஷை" என்று ஒன்றைத் திணித்தார்கள். உருதுவிலிருந்து வந்த நாஸ்தாவும் பேஜாரும், துறைமுகத்து வழியாக வந்த துட்டும், தெலுங்கும் தமிழும் உழைப்பாளர் நாவிலே கலந்து பிறந்த பேச்சு அது. இராயபுரத்து வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போனவுடன், வீட்டுப் பேச்சை வாசலிலே கழற்றிவைத்துவிட்டுப் போவதைக் கற்றுக்கொண்டது ஏன்? வகுப்பிலே சிரித்தார்கள், அதனாலே! தமிழின் ஒரு பேச்சு வழக்குக்கே இந்தக் கதி என்றால், தமிழே அல்லாத மொழியைப் பேசும் மலைச்சாரல் குழந்தையின் கதி என்ன?

ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்குள் நுழைகிறது. ஆசிரியர் பேசும் மொழி அதற்கு விளங்கவில்லை. அது பேசும் மொழி ஆசிரியருக்கு விளங்கவில்லை. "மக்கு" என்ற பட்டம் முதல் மாதத்திலேயே கிடைக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளியென்றால், இராச் சோற்று வேளையிலும் தாய்மொழி கேட்பதில்லை. பிள்ளை வளர்ந்து, திருமணமாகி, தன் குழந்தையோடு எந்த மொழியிலே பேசுகிறது? தன்னை மக்கு என்று சொல்ல வைத்த மொழியிலே பேசுமா? பேசாது. அங்கேதான் ஒரு மொழி சாகிறது; சுடுகாட்டிலன்று, தொட்டிலிலே!

பிழைப்பும் மொழியைக் கொல்கிறது. காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவன் மரஞ்செடிகளின் பெயரை யாருக்குச் சொல்லிக் கொடுப்பான்? சேறு சாம்பலானபின், இறாலின் வகைகளையும் வளைகளையும் நீரின் ஏற்றவற்றத்தையும் குறிக்கும் சொற்களை எண்ணூர்த் தாய் எந்த மகளுக்குக் கைமாற்றுவாள்? வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் வேற்றுமை தெரிந்த காசிமேட்டுக் கிழவரின் பேரன், காற்று என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுவது போலத்தான் இதுவும். தொழில் போனால் சொல் போகும். சொல் போனால் அறிவு போகும்.

அந்தச் சிரிப்பின் திமிரைக் காட்ட ஒரே ஒரு செய்தி. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளப் பெண் நஞ்சியம்மா, "அய்யப்பனும் கோஷியும்" என்ற மலையாளப் படத்திலே தம் தாய்மொழியிலே பாடினார். 2022-ல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. நாடே மகிழ்ந்தது. ஆனால், முறையாகப் பயின்றவர்களை விட்டுவிட்டு இவருக்கா விருது என்று இசையுலகிலிருந்தே ஒரு குரல் கிளம்பியது! ஆடு மேய்த்த பெண் பாடலாம்; பரிசு வாங்கக் கூடாது! கருவறை வாசலிலே தமிழை நிறுத்தியவர்கள் போட்ட அதே தாழ்ப்பாள்தான் இது.

* * *

மொழிக்காக உயிர் கொடுத்த இனம், பிற மொழியை ஒடுக்காது என்று நினைத்துவிடக் கூடாது. வரலாறு வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. வங்கத்தைப் பாருங்கள்.

1952 பிப்ரவரி 21-ல், உருதுத் திணிப்பை எதிர்த்து டாக்காவிலே மாணவர் குருதி சிந்தினர். அந்த நாளைத்தான் உலகம் இன்று தாய்மொழி நாளாகக் கொண்டாடுகிறது. 1971-ல் வங்காளதேசம் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே என்ன நடந்தது? குடிமக்கள் அனைவரும் "வங்காளியர்" என்று அழைக்கப்படுவர் என அரசியல் சட்டத்திலே எழுதினார்கள். சிட்டகாங் மலைநாட்டிலிருந்து வந்த மானவேந்திர நாராயண் லார்மா என்னும் உறுப்பினர் எழுந்து, நான் சக்மா, வங்காளியன் அல்லன் என்று மறுத்தார். அவர் சொல் அவையிலே ஏறவில்லை. பின்னர் அந்த மலைநாடு கலவர பூமியாயிற்று; 1997-ல்தான் உடன்பாடு கண்டார்கள். உருதுவின் நுகத்தடியை உடைத்தவர்கள், அதே மரத்திலே இன்னொரு நுகத்தடி செதுக்கிச் சக்மாவின் கழுத்திலே வைத்தார்கள்! தியாகத்தாலே பெற்ற உரிமை, தியாகம் செய்தவனை நியாயவானாகத் தானாகவே ஆக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. நாம் சூடியிருக்கும் பெயர் "திராவிட". 1856-ல் கால்டுவெல் திராவிட மொழிக் குடும்பத்தை நிறுவியபோது, தமிழையும் தெலுங்கையும் கன்னடத்தையும் மட்டும் வைத்து நிறுவவில்லை. தோடர் மொழியையும், கோத்தர் மொழியையும், கோண்டு மொழியையும் சான்றுக்கு அழைத்தார். 1961-ல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியிலே, தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலே தோடர் சொல்லும் கோத்தர் சொல்லும் தோள்கொடுத்து நிற்கின்றன. தமிழ் வடமொழியின் வயிற்றிலே பிறந்ததன்று என்று நாம் மார்தட்டிச் சொல்வதற்கு, இந்தச் சின்ன மொழிகளும் சாட்சி சொல்லின. வழக்கிலே வென்றபின் சாட்சியைத் தெருவிலே விடுவது எந்த ஊர் நியாயம்?

* * *

வேண்டுவது இரக்கமன்று, உரிமை. ஆகவே, கோரிக்கைகளைக் கூறுகிறோம்.

ஒன்று: 2027-க்கான மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலே, இருளர் தம் தாய்மொழி இருளம் என்று சொன்னால் அப்படியே எழுதப்பட வேண்டும். எழுதியது தமிழ்த் தலைப்பின் கீழே ஒளிக்கப்படாமல், தனித் தலைப்பிலே அச்சேற வேண்டும். பத்தாயிரம் என்னும் கோடு அழிக்கப்பட வேண்டும். பத்துப் பேர் பேசினாலும் மொழி மொழிதான். இதைக் கேட்க வேண்டியது இருளர் மட்டுமன்று. தமிழ் இயக்கங்கள் முன்னின்று கேட்க வேண்டும். கேட்டால் டெல்லியின் முகம் போகும் போக்கைப் பார்க்கலாம்!

இரண்டு: தொடக்கப் பள்ளியிலே தாய்மொழி. அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு 1956-லேயே இதைச் சொல்லிவிட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியிலே கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்பது அதன் கட்டளை. ஒடிசா மாநிலம் 2006–07-லிருந்து பழங்குடிக் குழந்தைகளுக்கு அவரவர் மொழியிலே தொடக்கக் கல்வி தருகிறது. அந்த மொழிகளிலே குயி உண்டு, குவி உண்டு, கோயா உண்டு. மூன்றும் திராவிட மொழிகள்! ஒடியா பேசும் நாட்டிலே திராவிட மொழி பள்ளிக்குள் நுழையலாம். திராவிடம் பேசும் நாட்டிலே நுழையக் கூடாதா? தமிழும் ஆங்கிலமும் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? வேண்டும். ஆனால், தாய்மொழி என்னும் முதற்படியை உடைத்துவிட்டு இரண்டாம் படிக்குத் தாவச் சொன்னால் குழந்தை விழத்தான் செய்யும்.

மூன்று: அந்தப் பள்ளிக்கு இருளர் சமுதாயத்திலிருந்தே ஆசிரியர் வர வேண்டும். பாடநூலைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். இருளத்துக்குரிய நடு உயிரொலிகளுக்குச் சில குறிகளைச் சேர்த்தால் போதும். எழுத்திலே கைவைக்கலாமா என்று பதறுவோருக்கு: பெரியார் வகுத்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்றது. தமிழ் அழிந்தா போயிற்று? எழுத்து மனிதனுக்காக, மனிதன் எழுத்துக்காக அல்லன்.

நான்கு: 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையிலே, பழங்குடி மொழிகளின் வளங்களைத் திரட்டிப் பதிவு செய்யத் தமிழக அரசு பணம் ஒதுக்கியது. பாராட்டுகிறோம். ஆனால், ஒலிப்பதிவு நாடா மொழிக்குக் கல்லறையாகவும் ஆகலாம், கருவறையாகவும் ஆகலாம். பதிவு செய்த சொல், பேசிய மக்களின் பள்ளிக்கும் வீட்டுக்கும் புத்தகமாகத் திரும்பிவர வேண்டும். அருங்காட்சியகத்துக்கு மட்டும் போனால் அது கல்லறை.

ஐந்து: பட்டா, சாதிச் சான்றிதழ், கொத்தடிமை முறையிலிருந்து விடுதலை, எண்ணூர் நீரின் தூய்மை. இவை மொழிக் கோரிக்கைகளே. நிலையான கூரை இல்லாத இடத்திலே பாட்டியும் பேத்தியும் கூடியிருக்க மாட்டார்கள். அவர்கள் கூடியிராத இடத்திலே மொழி கைமாறாது.

கடைசியாக, இளைஞர்களுக்கு ஒரு வேலை. அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டாத வேலை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் படிப்பகங்கள் நடத்துகிறீர்கள். மொழிப்போர் நாளிலே கூட்டம் போடுகிறீர்கள். அந்த மேடையிலே ஓர் இருள இளைஞனை, ஒரு தோட இளம்பெண்ணை அழையுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்திலே நிறுத்தி, அவர்கள் மொழியிலேயே பேசச் சொல்லுங்கள். கூட்டத்திலே எவனாவது சிரித்தால், அவன் காதிலே மெல்லச் சொல்லுங்கள்: "உன் பாட்டன் பேசிய தமிழைக் கேட்டும் இப்படித்தான் ஒருவன் சிரித்தான்."

பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவது கடலின் நியதியாக இருக்கலாம். மொழிகளின் உலகிலும் அதுவே நியதி என்றால், நம்மைவிடப் பெரிய மீன் ஒன்று வடக்கிலே வாய் பிளந்து நிற்கிறது; அதைத் தடுக்க நமக்கு நியாயமே இல்லாமற்போகும். விழுங்குவது குற்றம் என்று சொல்பவன், முதலில் தன் வாயிலிருப்பதை விட்டுவிட வேண்டும்.

தமிழ் வாழ வேண்டும். அது தன் நிழலிலே இருளமும் தோடமும் கோத்தமும் தழைக்க விடும் மரமாக வாழ வேண்டும். அந்த 1,870 பேரின் தோள் சாய்வதற்கு முன்னே, நம் தோள் அங்கே சேரட்டும்!